மலைச்சைக்கிளின் கியர்க் கம்பிக்கு முழுநீள உறை

யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டி ஏறாது கல்வி பயின்று முடித்த மாணவர் மிகச் சிலரே. எமது கல்லூரி வண்டிக் கொட்டகையில் வரிசையாக நின்ற கரிய றலி வண்டிகளும், பின்னாளில் அவற்றோடு வந்து சேர்ந்த லுமாலா வண்டிகளும் பழைய மாணவர் பலருடைய நெஞ்சில் இன்றும் நிற்பனவாம். 1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்திலே, மக்களின் போக்குவரவைப் பெரும்பாலுந் தாங்கியது இவ்வண்டியே. நோயாளரை ஏற்றியதும், நெல்மூடையைச் சுமந்ததும், விறகுக்கட்டைக் கொணர்ந்ததும் அதுவே. அக்காலத்து மாணவர் பலர் பிறர் உதவியின்றி ரியூப்பை ஒட்டவும், சங்கிலியைக் கோக்கவும், சில்லின் கோணலை நிமிர்த்தவும் அறிந்திருந்தனர்.

யாமும் அவ்வாறு கற்றவர்களே. அவ்வறிவே போதுமென்னும் துணிவுடன், பல ஆண்டுகள் கழித்து, மவுண்டன் பைக் என இளைஞர் வழங்கும் மலைச்சைக்கிளைச் செப்பனிடப் புகுந்தோம். செய்யக் கருதிய வேலை சிறிது. கியரை இயக்கும் கம்பிக்கு, கைபிடியிலுள்ள நெம்பு தொடக்கம் பின்சில்லு வரை இடையறாத ஓர் உறையைப் பொருத்துவதே அது. ஆயினும், அவ்வுறை யாது செய்கின்றது என்பதை அறியாது அதனைக் கையாண்டமையால், எம் தமக்கையின் மகனது கை முறிந்தது. குற்றம் முழுவதும் எம்முடையதே. அறிந்த பின்னர் வாளாவிருத்தல் முறையன்று. ஆதலின், அவ்வுறையின் இயல்பையும் அதனைப் பொருத்தும் முறையையும் இவ்விழா மலரில் விளக்க முற்பட்டோம்.

கோலும் கம்பியும்

பழைய றலி வண்டியின் பிறேக்கை வாசகர் நினைவுகூர்வாராக. கைபிடியின் கீழுள்ள நெம்பை அழுத்தியவுடன், உருக்குக் கோல்கள் ஒன்றையொன்று இழுத்து, றப்பர்க் கட்டைகளைச் சில்லு வளையத்தின் உட்புறத்தில் அழுந்தச் செய்யும். கோல் விறைப்பானது. அதனை இழுக்கலாம், வேண்டின் தள்ளவும் செய்யலாம். ஆயின் அது வளையாது. கைபிடி திரும்புமிடத்தும், சட்டம் கோணுமிடத்தும் மூட்டுக்களும் ஆணிகளும் வேண்டியனவாயின.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது 1896ஆம் ஆண்டிலே ஏணஸ்ற் மொனிங்ரன் பௌடன் என்பார் பிரித்தானியாவிற் காப்புரிமை பெற்ற கம்பிப் பொறியாகும். இவர் அயர்லாந்திற் பிறந்தவர். றலி நிறுவனத்தை வளர்த்த பிராங் பௌடன் வேறொருவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவரெனப் பலர் மயங்குவர். இன்று சைக்கிட் கடையில் ‘இன்னர்’ எனவும் ‘அவுட்டர்’ எனவும் நாம் கேட்டு வாங்குவன இப்பௌடன் பொறியின் இரு பகுதிகளே. முன்னதை உட்கம்பி எனவும், பின்னதை வெளியுறை எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

கம்பியை இழுக்கலாமேயன்றித் தள்ளலாகாது. மேலும், வளைந்து கிடக்கும் கம்பியை இழுத்தால் அது முதலிலே தன்னை நேராக்கிக்கொள்ளுமேயன்றி மறுமுனையில் உள்ளதை இழாது. அது நேராகாதபடி தடுத்து நிற்பது வெளியுறை. உராய்வைக் கருதாது விடின், உட்கம்பி எவ்வளவு விசையோடு இழுக்கப்படுகின்றதோ, அவ்வளவு விசையோடு வெளியுறை நெருக்கப்படுகின்றது. ஐயமுடையார், ஒருவரைப் பிறேக் நெம்பை அழுத்தச் சொல்லிவிட்டு, கைபிடியின் முன்னே வளைந்து செல்லும் வெளியுறையை விரல்களாற் பிடித்துப் பார்ப்பாராக. அது உயிருள்ளதுபோல நெளிவதை உணர்வர். வெளியுறையைக் கம்பிக்கு இட்ட போர்வையென்றே யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அஃது அவ்வாறன்று, பொறியின் மற்றைப் பாதி அதுவே. இதன் மேற் கூறப்படுவன அனைத்தும் இவ்வொன்றிலிருந்தே பிறப்பனவாம்.

இருவகை வெளியுறைகள்

பிறேக்கின் வெளியுறை தட்டையான உருக்குக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டி ஆக்கப்பட்டது. அதன் உள்ளே வழுவழுப்பான பிளாஸ்ரிக் குழலும், வெளியே பிளாஸ்ரிக் தோலும் இருக்கும். பருமன் பொதுவாக 5 மில்லிமீற்றர். சுருளாயிருத்தலின் அது மிக்க வலிமையுடையது; எவ்வளவு அழுத்தினும் வெடியாது. ஆயினும் அதற்கு ஒரு குறையுண்டு. அதனை வளைக்கும்போது வளைவின் வெளிப்புறத்துச் சுற்றுக்கள் விலகுகின்றன; நடுக்கோட்டின் நீளம் சிறிது மாறுகின்றது. பிறேக்குக்கு இம்மாற்றம் பொருட்டன்று. நெம்பு ஓரிழை கூடுதலாக உள்ளே வரும், அவ்வளவே.

கியருக்கோ இது பெரும் பொருட்டு. பழைய கியர்களில் ஓட்டுநர் நெம்பைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் சங்கிலி பற்றுமிடத்தைக் காதாற் கேட்டறிவர். 1984ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான சிமானோ தனது டியூரா ஏஸ் வரிசையிற் கொணர்ந்த படிமுறைக் கியரோ, ஒரு ‘கிளிக்’ ஒலிக்கு ஒரு பற்சில்லு என அளந்து மாற்றுவது. அம்முறை பின்னர் மலைச்சைக்கிள்களிலும் பரவியது. அந்நிறுவனத்தின் ஒன்பது பற்சில்லு மலைக்கியரில், அடுத்தடுத்த பற்சில்லுகளின் இடைத்தூரம் 4.35 மில்லிமீற்றர். ஒரு கிளிக்குக்கு நெம்பு இழுக்கும் கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர். அஃதாவது, கம்பி 1 மில்லிமீற்றர் அசைந்தாற் பின்மாற்றி 1.7 மில்லிமீற்றர் அசையும். வெளியுறை 1 மில்லிமீற்றர் சுருங்கினாலும் நீண்டாலும் சங்கிலி இரு பற்சில்லுகளுக்கு நடுவே நின்று தத்தளிக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் படிமுறைக் கியருக்கென வேறொருவகை வெளியுறை ஆக்கப்பட்டது. இதில் மெல்லிய உருக்குக் கம்பிகள் பல, சுருளாது, நீளவாட்டில் ஒன்றன்பக்கம் ஒன்றாகக் குழலைச் சூழ்ந்து கிடக்கும். பருமன் பொதுவாக 4 மில்லிமீற்றர். இது வளைந்தாலும் நீளம் மாறுவது அரிது. ஆயின், அக்கம்பிகளை ஒருங்கே பிடித்து வைத்திருப்பது வெளியேயுள்ள பிளாஸ்ரிக் தோல் ஒன்றே. கியரின் சிறு விசைக்கு அது போதும். பிறேக்கை முழுக் கையாலும் அழுத்தும் பெருவிசைக்கு அது போதாது. கம்பிகள் புடைத்துத் தோலைக் கிழித்து வெளிவந்துவிடும். நீள்கம்பி உறையையே பிறேக்குக்கென வலுவூட்டி ஆக்கியதும் உண்டு. அது வேறு, கியர் உறை வேறு.

உட்கம்பிகளின் தலைகள் பிறேக்குக்கும் கியருக்கும் வெவ்வேறாதலின், ஒன்றை மற்றதற்கு இடுதல் எளிதன்று. வெளியுறைகளோ பார்வைக்கு ஒன்றுபோலவே கரிய நிறத்தனவாய்க் கிடக்கும். வெட்டுமுகத்தை உற்றுநோக்கினாலன்றி வேறுபாடு புலப்படாது. இங்கேதான் யாம் வழுக்கினோம்.

வெற்றுக்கம்பியும் சேறும்

மலைச்சைக்கிள் என்னும் விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் பகுதி மலைகளிற் பிறந்தது. 1976ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அங்கே ஒரு மலைச்சரிவுப் போட்டி தொடங்கியது. 2 மைலுக்கு உட்பட்ட தூரத்தில் ஏறத்தாழ 1,300 அடி இறங்கும் பாதை அது. பழைய வண்டிகளின் பின்சில்லுப் பிறேக்கு அவ்விறக்கத்திற் சூடேறி, அதனுள் இருந்த கிறீஸ் முழுவதும் எரிந்து புகைந்துவிடுமாம். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதிதாகக் கிறீஸை நிரப்ப வேண்டியிருந்தமையின், ‘மீண்டும் நிரப்பு’ என்னும் பொருள்பட அப்பாதைக்கு ‘றீபாக்’ என்றே பெயர் வந்தது. 1977ஆம் ஆண்டில் ஜோ பிறீஸ் என்பார் இவ்வோட்டத்துக்கென்றே புதிய சட்டங்களைச் செய்தார். 1996இல் அற்லான்ரா ஒலிம்பிக் விழாவில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

இவ்வண்டிகளின் சட்டங்களிற் பலவற்றிலே, கியர்க் கம்பி செல்லும் வழி தெருவிலோடும் பந்தய வண்டிகளின் மரபைத் தழுவியே அமைக்கப்பட்டது. வெளியுறை முழுவதும் செல்வதில்லை. சட்டக் குழாயிற் பற்றவைத்த சிறு காதுகளிலே அது முடிந்துவிடும். அடுத்த காது வரைக்கும் உட்கம்பி வெறுமனே வெளியிற் செல்லும். அங்கிருந்து மீண்டும் ஒரு துண்டு உறை தொடங்கும். இதற்கு நியாயமும் உண்டு. நிறை குறைவு, சுருங்கத்தக்க உறையின் நீளம் குறைவு, காதுகள் பிளவுடையனவாதலின் உறைத் துண்டைப் பக்கவாட்டிற் கழற்றித் துடைத்து மீண்டும் செருகலாம். உலர்ந்த தெருவில் ஓடும் வண்டிக்கு இதனிலும் நல்ல முறை வேண்டுவதில்லை.

சேற்றில் ஓடும் வண்டிக்கு நிலைமை வேறு. பின்மாற்றிக்குச் செல்லும் கம்பியில் உறை மூன்று துண்டாயின், அதற்கு ஆறு வாய்கள் உண்டு. அவற்றுள் நான்கு சட்டத்தின் நடுவே திறந்து கிடப்பவை. வெற்றுக்கம்பியிற் படிந்த சேற்றுநீர், கம்பி முன்னும் பின்னும் அசையுந்தோறும், அவ்வாய்களினூடே உள்ளே இழுக்கப்படுகின்றது. நீர் உலர்ந்த பின்னர் நுண்மண் உள்ளே தங்கிவிடுகின்றது. முழுநீள உறையில் வாய்கள் இரண்டே. நெம்பில் ஒன்று, பின்மாற்றியில் ஒன்று. இவ்வேறுபாடே முழுநீள உறையின் பயன் அனைத்தும்.

அப்புத்தளையிற் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறையில், யாமும் தமக்கையின் மகனும் மலைச்சைக்கிள்களுடன் அப்புத்தளைக்குச் சென்றிருந்தோம். தோமஸ் லிப்ரன் 1890ஆம் ஆண்டிற் கட்டுவித்த தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலையின் அருகிலிருந்து, லிப்ரன் இருக்கை எனப்படும் மேட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை ஏறிச் செல்கின்றது. வடகீழ்ப் பருவ மழை விடாது பெய்தது. பாதி வழியில் எமது கியர் சிறிய பற்சில்லுக்கு இறங்க மறுத்தது. சிறிது நேரத்திற் பெரிய பற்சில்லுக்கு ஏறவும் மறுத்தது. எஞ்சிய வழியை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். இரவிலே உட்கம்பியை உருவிப் பார்த்தபோது, வெற்றாய் ஓடிய பகுதிக்கு அடுத்து உறைக்குள் இருந்த இடமெல்லாம் செங்கபில நிறச் சேறு பசைபோல ஒட்டியிருந்தது.

வீடு திரும்பியதும் முழுநீள உறை பொருத்துவதெனத் தீர்மானித்தோம். கடையிலே ‘அவுட்டர்’ என்று கேட்டோம், எதற்கென்று யாம் கூறவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கிடைத்தது பிறேக்கின் சுருளுறை. அதனைப் பொருத்தி ஓட்டியபோது, கைபிடியைத் திருப்புந்தோறும் கியர் தானே மாற முயன்று கரகரத்தது. இரு நாட்கள் திருகைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. காரணத்தைப் பின்னர் அறிந்து, நீள்கம்பி உறை வாங்கிப் பொருத்தினோம். கியர் குற்றமின்றி இயங்கியது.

அவ்வுறையில் ஏறக்குறைய ஒரு பாகம் எஞ்சியது. தமக்கை மகனுடைய வண்டியிற் பின்பிறேக்கின் உறை பிய்ந்திருந்தது. சுருளுறையைக் கியருக்கு இட்டது தவறென்று கற்ற யாம், நீள்கம்பி உறை எல்லாவற்றாலும் மேலானது போலும் என்று கருதி, எஞ்சியதை அவனது பிறேக்குக்குப் பொருத்திக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் அதே பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னே சென்றவன், “மாமா, பிறேக் பிடிக்குதில்லை!” என்று கூவியது கேட்டது. பள்ளத்தின் பக்கம் விடாது, வண்டியை மண்மேட்டின் மேற் சாய்த்துவிட்டான், அதனாற் பிழைத்தான். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. தோட்டத் தொழிலாளர் இருவர் ஓடிவந்து தூக்கி, கொழுந்து ஏற்றும் வண்டியிலே வைத்தியசாலைக்கு அனுப்பினர். அவர்களுக்கு யாம் பட்ட கடன் பெரிது. வண்டியை எடுத்துப் பார்த்தோம். பிறேக்கின் உறை ஓரிடத்திற் கிழிந்து, மெல்லிய கம்பிகள் துடைப்பக்குச்சிகள்போல விரிந்து நின்றன.

பொருத்தும் முறை

இனி, முழுநீள உறையைச் செவ்வனே பொருத்தும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, வழியைத் தெரிதல். கம்பி மேற்குழாயின் வழியே சென்று பின்மேற்கவரால் இறங்குவதும், கீழ்க்குழாயின் வழியே சென்று சங்கிலிப்பக்கக் கவரால் ஏகுவதும் என இருவழிகள் பெரும்பாலும் உள. வளைவு குறைந்த வழியையே தெரிதல் வேண்டும். அடுத்து, சட்டத்தின் காதுகளை நோக்குக. சில சட்டங்களில் உறை முழுமையாய் ஊடுசெல்லத்தக்க வளையங்களே உள. திரவ அமுக்கத்தால் இயங்கும் பிறேக்குகளின் குழாயை இடையிலே துண்டித்தல் இயலாதாதலின், அவை பரவிய பின் வந்த சட்டங்களில் இத்தகைய வளையங்கள் மிகுதி. அத்தகைய சட்டம் உடையாருக்கு வேலை எளிது.

பிளவுடைய காதுகளே உள்ள சட்டமாயின், அவற்றின் துளையை 5 மில்லிமீற்றர் அளவுக்குத் துளைகருவியாற் பெருப்பிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை யாம் விதந்துரையோம். துளைக்குங் கருவி சிறிது தவறினாற் குழாயின் சுவர் காயப்படும். அலுமினியக் குழாய்களின் சுவர் மெல்லியது. காயம்பட்ட இடத்திலிருந்தே வெடிப்புத் தொடங்கும். கரிநார்ச் சட்டத்திலே கருவியை வைத்தலே கூடாது. செய்தவரின் உத்தரவாதமும் அன்றோடு நீங்கும். அதனினும், காதுகளைத் தொடாது, உறையை அவற்றின் பக்கத்தே கிடத்திப் பிளாஸ்ரிக் கட்டுநாடாவாற் கட்டுதல் நன்று. பிளவிலே செருகி உறையைத் தாங்கும் சிறு பிடிகளும், குழாயில் ஒட்டத்தக்க பிடிகளும் விற்பனைக்கு உண்டு. அழகு சிறிது குறையலாம்; சட்டம் பழுதின்றி இருக்கும்.

இரண்டாவது, அளத்தல். சணல் நூலை உறை செல்லும் வழியே கிடத்தி அளந்து, பின் உறையை வெட்டுக. கைபிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். எந்தக் கோடியிலும் உறை இழுபடலாகாது. பின்சில்லும் அசையும் முழுவில் வண்டியாயின், வில்லின் காற்றை இறக்கிச் சில்லை முற்றாக மேலே உயர்த்தியும், முற்றாகத் தாழ்த்தியும் அளக்க. சட்டத்தின் அசையும் மூட்டுக்கு அண்மையாக உறையைக் கொண்டு சென்றால் நீள வேறுபாடு குறையும். பின்மாற்றியிற் புகுமிடத்து வளையம் மிகக் குறுகினாற் கம்பி முறுகும்; மிக நீண்டால் மரக்கொப்பிற் சிக்கும். கடைகளிற் கிடைக்கும் கியர் உட்கம்பியின் நீளம் பொதுவாக 2,100 மில்லிமீற்றர். நடுத்தரச் சட்டத்துக்கு அது போதும். பெரிய சட்டமாயின் முன்னரே அளந்து பார்த்தல் நன்று. உறையை நீளமாக வெட்டிப் பின்னர்க் குறைக்கலாம். குறுக வெட்டியதை நீட்டல் இயலாது.

மூன்றாவது, வெட்டுதல். சாதாரணக் குறட்டால் வெட்டினால் உறை நசுங்கி, வாய் மூடிவிடும். இதற்கென உள்ள வெட்டியையே கொள்க. வெட்டும்போது பழைய உட்கம்பித் துண்டு ஒன்றை உள்ளே வைத்திருந்தால் உறையின் வட்டம் கெடாது. வெட்டுமுகத்தை அரத்தாற் சமமாக்கி, நெருங்கிப்போன உட்குழலின் வாயைக் கூராக்கிய சில்லுக் கம்பியாலோ தடித்த ஊசியாலோ விரித்துவிடுக. வெட்டுமுகம் சரிந்திருந்தால், நீள்கம்பிகளுட் சிலவே விசையைத் தாங்கும்; அவை நாளடைவில் முனைமூடியைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். கியர் நாட்பட நாட்பட இசைகேடாவதற்கு இஃதொரு காரணம்.

நான்காவது, கோத்தல். இருமுனைகளிலும் 4 மில்லிமீற்றர் உறைக்குரிய முனைமூடிகளை இடுக. பின்மாற்றிப் பக்கத்து முனைக்கு, நீர் புகாதபடி நுனி நீண்ட மூடியாயின் நன்று. உறையில் ஒழுகும் நீரெல்லாம் தாழ்ந்த அவ்வளையத்திலே தேங்குமாதலின். உட்கம்பி புதிதாயிருத்தல் வேண்டும்; அதன் பருமன் பெரும்பாலும் 1.2 மில்லிமீற்றர். நல்ல உறைகள் உள்ளே நெய்ப்பிட்டே வருகின்றன. அதன்மேல் தடித்த கிறீஸைத் திணித்தல் தவறு; அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, கட்டுதல். கட்டுநாடா உறையைத் தாங்க வேண்டுமேயன்றி நெரிக்கலாகாது. உறை சட்டத்தில் உராயுமிடங்களிற் காப்புநாடாத் துண்டு ஒட்டுக. மண் படிந்த உறை அரம்போன்றது. நிறப்பூச்சையும் அதன் கீழுள்ள உலோகத்தையும் மெல்ல மெல்ல அராவிவிடும்.

உராய்வு பற்றி ஒரு சொல்

‘உறை நீண்டால் உராய்வு கூடும், ஆதலின் முழுநீள உறை தீது’ என்பார் உளர். இதில் உண்மை ஒரு பாதியே. வள்ளங் கட்டுவோர் கயிற்றை மரக்குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் இலேசாகப் பிடித்துக்கொண்டு, பெரிய வள்ளத்தையும் நிறுத்துவதைப் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் காணலாம். அங்கே விசையை உண்பது கயிற்றின் நீளமன்று. அது குற்றியைச் சுற்றித் திரும்பிய கோணம். கியர்க் கம்பிக்கும் அதே விதி. உராய்வுக் குணகம் 0.1 எனக் கொண்டால், கம்பி மொத்தம் 180 பாகை திரும்புமிடத்து, மறுமுனையில் வேண்டிய விசையின் 1.37 மடங்கால் இழுத்தல் வேண்டும். 360 பாகை திரும்பின் 1.87 மடங்கால். நேராகக் கிடக்கும் உறை நீண்டாலும் கூட்டும் உராய்வு சிறிது. இறுக்கமான வளைவொன்றோ, கம்பியின் விறைப்பினாலும் மேலும் தீமை செய்யும். எனவே முழுநீள உறையைப் பொருத்துவோர் அஞ்ச வேண்டியது வளைவுகளுக்கேயன்றி நீளத்துக்கன்று.

இசைவு செய்தல்

உறையையும் கம்பியையும் பொருத்தியபின், நெம்பைச் சிறிய பற்சில்லுக்குரிய நிலையில் வைத்து, சீராக்குந் திருகைப் பெரும்பாலும் உள்ளே முடுக்கி, கம்பியைக் கையால் இழுத்துப் பின்மாற்றியில் இறுக்குக. பின் மிதியைச் சுழற்றிக்கொண்டு பெரிய பற்சில்லு வரை ஏற்றியும் இறக்கியும் சில தடவை மாற்றினால், முனைமூடிகள் தம் இடங்களில் அமர்ந்துகொள்ளும். கம்பி சிறிது தளரும்; மீண்டும் இழுத்து இறுக்குக. எஞ்சிய நுண்ணிசைவைத் திருகாற் செய்க.

சங்கிலி பெரிய பற்சில்லுக்கு ஏறத் தயங்கினாற் கம்பியின் இழுவை போதாது. திருகை அரைச்சுற்று வெளியே எடுக்க. சிறிய பற்சில்லுக்கு இறங்கத் தயங்கினால் இழுவை மிகை, உள்ளே முடுக்குக. ஏறவும் தயங்கி இறங்கவும் தயங்குமாயின், திருகை எத்தனை முறை திருப்பினும் பயனில்லை. குற்றம் உராய்வில் உள்ளது. ஏற்றுவது நம் விரலின் வலிமை. இறக்குவதோ பின்மாற்றியிலுள்ள சிறுவில்லின் வலிமை. ஆதலின், உராய்வு கூடும்போது முதலிற் கெடுவது இறக்கமே. அப்புத்தளையில் எமக்கு நேர்ந்ததும் அவ்வரிசையிலேயே நேர்ந்தது. அன்று இவ்வறிவு இருந்திருப்பின், மழையில் நின்று திருகைத் திருப்பிக்கொண்டிராது, முன்னாளிலேயே கம்பியை மாற்றியிருப்போம்.

முழுநீள உறையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. நிறை சிறிது கூடும். பிளவுக் காதில் உள்ளதுபோல உறையைக் கழற்றித் துடைத்தல் இயலாது. கெட்டாற் கம்பியை முற்றாக உருவ வேண்டும். குடாநாட்டின் சமதரைத் தெருக்களில் மட்டும் ஓடுவோர்க்கு இது வேண்டுவதுமன்று. மேலும், 2019ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமான ஸ்ராம், கம்பியே இன்றி மின்கலத்தாலும் வானொலி அலையாலும் இயங்கும் மலைக்கியரை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயினும் அதன் விலை பலருக்கு எட்டாதது. இழுக்கும் கம்பியும் அதனைத் தாங்கும் உறையும் இன்னும் பல ஆண்டுகள் எம்மவர் வண்டிகளில் இருக்கும் என்றே எண்ணுகின்றோம்.

தமக்கையின் மகன் குணமடைந்து இன்றும் மலையேறுகின்றான். அவனது பிறேக்கின் உறையை அவனே வாங்கி அவனே பொருத்துகின்றான். அதில் எமக்கு வருத்தமில்லை. எம் வீட்டுக் கருவிப் பெட்டியில் எஞ்சிய உறைச் சுருள்கள் இரண்டு கிடக்கின்றன. ஒன்றன்மேல் வெள்ளை நிறத்தால் ‘கியர்’ எனவும், மற்றதன்மேற் சிவப்பு நிறத்தால் ‘பிறேக்’ எனவும் எழுதிக் கட்டியிருக்கின்றோம். கடையில் வாங்கும்போது எதற்கென்று கூறிக் கேட்டு, வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குகின்றோம். இதனை வாசிக்கும் பழைய மாணவரும் இளைய மாணவரும் இவ்விரண்டையேனும் இன்றே கைக்கொள்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் அடைந்தோமாவோம்.